டேக் போட்டது நான், அது குடியிருப்பது யார் வீட்டில்?

எந்த ஃபைல் மேனேஜர் உசத்தி என்று நம்ம ஆட்கள் போடும் சண்டைக்கு முடிவே கிடையாது. விண்டோஸ் எக்ஸ்புளோரர் ஒரு கட்சி, மேக்கின் ஃபைண்டர் ஒரு கட்சி, லினக்ஸ்காரர்களுக்குள்ளேயே நாட்டிலஸ், டால்ஃபின் என்று இரண்டு கோஷ்டி. டோட்டல் கமாண்டர் ஆட்கள் இவர்கள் யாரையும் மனிதராகவே மதிப்பதில்லை :-) ஒவ்வொரு கட்சியிடமும் ஒரு அட்டவணை இருக்கும். டேப் உண்டா? டிக். இரட்டைப் பலகை? டிக். பிளக்இன்? டிக். டேக், ரேட்டிங், கமெண்ட்? டிக், டிக், டிக். யாருக்கு டிக் அதிகமோ அவர் ஜெயித்தார். சுபம்.

இந்த அட்டவணையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. டேக் வசதி உண்டா என்பது ஒரு கேள்வியே இல்லை. நான் போட்ட டேக் எங்கே போய் உட்காருகிறது? கோப்பு வீடு மாறினால் அதுவும் கூட வருமா? நான் நம்பி வைத்திருக்கும் பிளக்இன் அடுத்த பதிப்பில் உயிரோடு இருக்குமா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் போடுகிற டிக், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த 'விருந்து உண்டு' மாதிரி. இலை போட்ட பிறகுதான் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். கோப்பைப் பற்றிய தகவல், அதாவது மெட்டாடேட்டா, இரண்டு வகை. ஒன்று மெஷின் தானே எழுதுவது: கோப்பின் அளவு, தேதி, கேமராவின் ஷட்டர் வேகம், பாட்டின் நீளம். இதில் பெரும்பாலானதை மெஷினே மறுபடியும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். இன்னொன்று மனிதர் எழுதுவது. "இந்த பி.டி.எஃப்.பில் மூன்றாவது அத்தியாயம் மட்டும் படித்தால் போதும்." "கைடு திருப்பி அனுப்பிய வரைவு, இதைத் தொடாதே." "இடமிருந்து இரண்டாவது நிற்பவர் தாத்தாவின் தம்பி, ரங்கூனிலிருந்து வந்த வருடம் எடுத்தது." இந்தக் கடைசி வரியை எந்த மென்பொருளும் மறுபடி உருவாக்கித் தராது. சொல்லத் தெரிந்த பாட்டி போய்விட்டால் விஷயமும் போச்சு. அந்த ஸ்கேன் செய்த படம் மட்டும் அட்சர சுத்தமாக அப்படியே இருக்கும், யார் என்று தெரியாத பத்துப் பேரோடு.

நான் பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி. இது உழைப்பு. இதை நம்மிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும் ஃபைல் மேனேஜருக்கு ஒரு கடமை உண்டு. அந்தக் கடமையை ஒவ்வொருவரும் எப்படி நிறைவேற்றினார்கள் என்று பார்ப்போமா?

மறந்துபோன வாக்குறுதிகள்

விண்டோஸ் எக்ஸ்.பி.யில் எந்தக் கோப்பை வேண்டுமானாலும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், சம்மரி என்ற பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், குறிப்பு எல்லாம் எழுதலாம். சாதாரண டெக்ஸ்ட் கோப்புக்குக்கூட எழுதலாம். என்.டி.எஃப்.எஸ். டிஸ்கில் கோப்போடு ஒட்டிய தனி ஓடை ஒன்றில் அது சேமிக்கப்பட்டது. 2007-இல் விஸ்டா வந்தது, சம்மரி பக்கம் போனது. இனிமேல் கோப்பின் வடிவத்துக்குள்ளேயே தகவல் எழுத இடம் இருந்தால்தான் எழுதலாம் என்றார்கள். ஜேபெக் படத்துக்கும் வேர்ட் கோப்புக்கும் அது உண்மையிலேயே நல்ல முடிவு, மறுக்கவில்லை. டெக்ஸ்ட் கோப்புக்கு? இன்றைய விண்டோஸ் 11-லும் ஒரு டெக்ஸ்ட் கோப்பை எடுத்து டேக் போட முயன்று பாருங்கள். முடியாது. எக்ஸ்.பி.யில் உட்கார்ந்து குறிப்பு எழுதியவர்களின் எழுத்து டிஸ்கிலேயே கிடந்தாலும் புதிய எக்ஸ்புளோரர் அதைக் காட்டவில்லை. எழுதியதை அழிப்பது ஒரு வகை. பெட்டியை வைத்துக்கொண்டு சாவியைத் தூக்கிப் போடுவது இன்னொரு வகை.

இதே கம்பெனி 2003-இல் வின்.எஃப்.எஸ். என்று ஒன்றை மேடை போட்டு அறிவித்தது. கோப்பு, ஆள், மெயில், சந்திப்பு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில், எப்படி வேண்டுமானாலும் தேடலாம் என்றார்கள். 2004-இல் அடுத்த விண்டோஸில் அது வராது என்றார்கள். 2006-இல் தனியாகவும் வராது என்றார்கள். நல்ல வேளை, அதை நம்பி யாரும் டேக் போடவில்லை.

லினக்ஸ் பக்கம் வருவோம். நாட்டிலஸின் முதல் பதிப்பு 2001-இல் வந்தது. எழுதிய ஈசல் கம்பெனி அதே வருடம் மூடப்பட்டது. (பெயர் ராசியைப் பாருங்கள்.) நாட்டிலஸில் கோப்புகளுக்குச் சின்னம் ஒட்டலாம், ஃபோல்டருக்குக் குறிப்பு எழுதலாம். அவையெல்லாம் கோப்போடு இல்லை, நம் ஹோம் ஃபோல்டரில் ஒளிந்திருந்த நாட்டிலஸின் சொந்தப் பதிவேடுகளில் இருந்தன. கோப்பை டெர்மினலில் நகர்த்தினால் சின்னம் அங்கேயே நின்றுவிடும். பிறகு க்னோம் 3 காலத்தில் அந்தச் சின்னம் ஒட்டும் பலகையையே கழற்றிவிட்டார்கள். 2018-இல் ஸ்டார் போடும் வசதி வந்தது. சந்தோஷம். ஆனால் அந்த ஸ்டாரும் கோப்பில் இல்லை, தனித் தரவுத்தளத்தில். பதினேழு வருடம் கழித்தும் அதே இடம்.

கே.டி.ஈ. கதை இன்னும் சுவாரசியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 2006 முதல் 2008 வரை நெப்போமுக் என்ற ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. கே.டி.ஈ. 4-இல் டால்ஃபினின் டேக், ரேட்டிங், கமெண்ட் எல்லாம் அந்தப் பெயரில் வந்த ஒரு பிரம்மாண்ட தரவுத்தளத்துக்குள் போயின. கணினியை அது பிழிந்த பிழியில் நிறைய பேர் முதல் வேலையாக அதை நிறுத்தி வைத்தார்கள். 2014-இல் கே.டி.ஈ. 4.13-இல் அதற்குப் பதிலாக பலூ வந்தது. இங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. டேக்கும் ரேட்டிங்கும் கமெண்டும் கோப்போடு ஒட்டிய கூடுதல் பண்புகளாக ஃபைல் சிஸ்டத்திலேயே எழுதப்பட்டன. தரவுத்தளம் தேடுவதற்கு மட்டும். அது கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம், டேக்குகள் பத்திரமாக இருக்கும். டேக்குக்கு வைத்த பெயரும் கே.டி.ஈ.யின் சொந்தப் பெயர் இல்லை, எல்லா லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கும் பொதுவாக யோசித்து எழுதி வைத்த பெயர். பொதுவான பெயர் இருந்தும் நாட்டிலஸ் அந்த டேக்கைக் காட்டுவதில்லை. ஒரே கணினி, ஒரே டிஸ்க், ஒரே கோப்பு. டால்ஃபினில் பார்த்தால் டேக் இருக்கிறது, நாட்டிலஸில் பார்த்தால் இல்லை. இதற்கு டெக்னிக்கல் காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆப்பிள்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2013-இல் மேவரிக்ஸில் வந்த டேக்குகள் கோப்போடு ஒட்டி இருப்பது உண்மைதான். ஆனால் ஃபைண்டரில் எழுதும் கமெண்ட்டைத் தேடிப்போனால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒளிந்திருக்கும் ஃபைண்டரின் சொந்தக் கோப்பில் போய் நிற்பீர்கள். நண்பனின் மேக்கிலிருந்து பென் டிரைவ் வாங்கியவர்களுக்குத் தெரியும், புள்ளி வைத்துத் தொடங்கும் அந்த அநாதைக் கோப்புகளின் கூட்டம். அவை வேறொன்றுமில்லை, பென் டிரைவின் ஃபேட் அமைப்பில் இடமில்லாத மெட்டாடேட்டாவும் ஃபைண்டரின் கணக்கு வழக்கும்தான். நாம் குப்பை என்று அழிப்பதில் அவனுடைய டேக்கும் இருக்கிறது.

ஒருவன் ஒழுங்காகச் செய்தான்

இதெல்லாம் முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் பீஓஎஸ் பற்றிக் கேளுங்கள். 1990-களின் பிற்பகுதியில், டொமினிக் ஜியாம்பாவ்லோ என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து அதற்கு ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதினார். எந்தக் கோப்புக்கும் எத்தனை பண்பு வேண்டுமானாலும் சேர்க்கலாம். அந்தப் பண்புகளை ஃபைல் சிஸ்டமே அட்டவணைப்படுத்தும். டிராக்கர் என்ற ஃபைல் மேனேஜரில் அவை பத்திகளாகத் தெரியும், அங்கேயே திருத்தலாம். ஒரு மெயில் என்பது ஒரு கோப்பு, அனுப்பியவர், பொருள், தேதி அதன் பண்புகள். ஒரு நண்பரின் முகவரி என்பதும் ஒரு கோப்பு, உள்ளே ஒன்றுமே இல்லை, எல்லாம் பண்புகளில். மெயில் பார்க்கத் தனி மென்பொருள் திறக்காமல் ஃபைல் மேனேஜரிலேயே வரிசைப்படுத்திப் பார்க்கலாம்! 2001-இல் பீ கம்பெனி பாம் கம்பெனிக்குக் கைமாறியது, பீஓஎஸ் முடிந்தது. ஜியாம்பாவ்லோ ஆப்பிளுக்குப் போய், 2005-இல் வந்த ஸ்பாட்லைட்டில் வேலை செய்தார். பீஓஎஸ்ஸின் வாரிசான ஹைக்கூவில் இன்றும் அந்தப் பண்புகளைப் பார்க்கலாம்.

ஆனால் பீஓஎஸ்ஸையும் நான் கோயில் கட்டிக் கும்பிடப் போவதில்லை. கோப்பு அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரைதான் சொர்க்கம். ஒரு சாதாரண ஃபேட் டிஸ்குக்கோ மற்றவர் கணினிக்கோ போனால் பண்புகள் உதிர்ந்துவிடும். இது டால்ஃபினுக்கும் பொருந்தும். கூடுதல் பண்பு என்பது கோப்பின் சட்டைப் பையில் வைத்த சீட்டு. சட்டையைக் கழற்றிவிட்டு ஆளை மட்டும் அனுப்புகிற வழிகள்தான் உலகத்தில் அதிகம். எக்ஸ்ஃபேட் பென் டிரைவ்: சீட்டு போச்சு. மெயில் இணைப்பு: போச்சு. லினக்ஸின் சாதாரண காப்பி கட்டளை, ஆர்சிங்க், டார்: தனியாகக் கேட்டுக்கொண்டால்தான் சீட்டையும் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் போச்சு. கிட்டில் போட்டு வைத்தால்: போச்சு. நம்பிக்கை இல்லாவிட்டால் இன்றைக்கே ஒரு கோப்புக்கு டால்ஃபினில் டேக் போட்டு, பென் டிரைவ் வழியாகப் பக்கத்து அறைக்காரனுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இதில் ஒரு விஷயத்துக்கு விண்டோஸைப் பாராட்டியே ஆக வேண்டும். இப்படி ஓடை ஒட்டிய கோப்பை ஃபேட் டிரைவுக்கு நகல் எடுத்தால், "இதன் பண்புகளை அங்கே கொண்டு போக முடியாது, பரவாயில்லையா?" என்று எக்ஸ்புளோரர் நிறுத்திக் கேட்கும். லினக்ஸ் பக்கம் இப்படி ஒரு எச்சரிக்கையை நான் பார்த்ததே இல்லை. நாம் எழுதியதைத் தொலைக்கும்போது ஒரு வார்த்தை கேட்பது அடிப்படை மரியாதை இல்லையா?

"அதுக்குத்தான் பிளக்இன் இருக்கே!"

இது சண்டையில் கடைசியாக வரும் வாதம். ஃபைல் மேனேஜரில் எது இல்லாவிட்டாலும் பிளக்இன் போட்டுக்கொள்ளலாமாம். சரி, பிளக்இன்களுக்கு என்ன ஆனது?

எக்ஸ்.பி. எக்ஸ்புளோரரில் புதுப் பத்திகள் சேர்க்க மற்ற மென்பொருட்களுக்கு ஒரு வழி இருந்தது. விஸ்டாவில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். அதை நம்பிய பிளக்இன்கள் அத்தனையும் ஒரே இரவில் செத்தன. 2012-இல் நாட்டிலஸ் 3.6 இரட்டைப் பலகையைத் தூக்கியது, வெறுத்துப்போன லினக்ஸ் மின்ட் ஆட்கள் பழைய பதிப்பிலிருந்து கிளை பிரித்து நெமோ என்று தனிக்குடித்தனம் போனார்கள். 2022-இல் நாட்டிலஸ் 43 வந்தபோது பிளக்இன் எழுதும் முறையே மாறியது. ஃபோல்டருக்கு மேலே தனிப் பட்டை காட்டும் வழி ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டது. பைத்தானில் எழுதியவர்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்து திருத்த வேண்டியதாயிற்று. திருத்த ஆள் இல்லாத பிளக்இன்கள் போன இடம் தெரியவில்லை.

இதற்கு எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைல் மேனேஜரின் வயிற்றுக்குள்ளேயே ஓடும் பிளக்இன் ஒன்று மோசமாக எழுதப்பட்டிருந்தால் மொத்தமும் கவிழும். திட்டு வாங்குவது பிளக்இன் எழுதியவர் அல்ல, ஃபைல் மேனேஜர் எழுதியவர். அதனால் கதவைச் சின்னதாக வைக்க நினைப்பதில் தப்பில்லை. ஆனால் சின்னக் கதவு என்பது வேறு, வருடா வருடம் கதவை வேறு சுவருக்கு மாற்றுவது வேறு.

மாற்றாமல் இருக்க முடியும் என்பதற்கு டோட்டல் கமாண்டரே சாட்சி. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-இலிருந்து எழுதிவருவது. அதில் பிளக்இன் நான்கு வகை: சுருக்கிய கோப்புகளைத் திறக்க ஒன்று, வேறு ஃபைல் சிஸ்டங்களைக் காட்ட ஒன்று, கோப்பை முன்னோட்டம் பார்க்க ஒன்று, கோப்பின் உள்ளே இருக்கும் தகவலைப் பத்தியாகக் காட்ட ஒன்று. ஒவ்வொன்றும் எப்படி எழுதப்பட வேண்டும் என்பது வெளிப்படையான ஆவணம். 64 பிட் வந்தபோது மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது, அதைத் தவிர ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருந்தது. இதன் அழகு என்ன தெரியுமா? டபுள் கமாண்டர் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதியவர்கள் அதே ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டார்கள், லினக்ஸுக்கும் கொண்டு போனார்கள். பிளக்இன் ஒரு மென்பொருளின் அடிமையாக இல்லாமல் போனது.

இன்னும் எளிமையான உதாரணமும் உண்டு. நாட்டிலஸில் ஸ்கிரிப்ட் ஃபோல்டர் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சின்ன நிரலைப் போட்டால் ரைட் கிளிக் மெனுவில் வரும். டால்ஃபினில் சர்வீஸ் மெனு, ஒரு டெக்ஸ்ட் கோப்பு எழுதினால் போதும். இரண்டும் ஃபைல் மேனேஜரின் வயிற்றுக்குள் ஓடுவதில்லை, அதனால் அதைக் கவிழ்ப்பதும் இல்லை. வைக்கும் இடம் ஓரிரு முறை மாறியது, அவ்வளவுதான். ஆடம்பர பிளக்இன்கள் அடக்கமான பிறகும் இந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டெக்ஸ்ட் கோப்பு என்ற கிழவன்

மெட்டாடேட்டாவிலும் இப்படி ஒரு ஏழை வீட்டுப் பிள்ளை உண்டு. டாஸ் காலத்தில் 4டாஸ் என்ற மென்பொருள் கோப்புகளுக்குக் குறிப்பு எழுத ஒரு வழி வைத்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் டிஸ்கிரிப்ட்.அயன் என்ற பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஒரு வரியில் கோப்பின் பெயர், ஒரு இடைவெளி, பிறகு குறிப்பு. முடிந்தது. டோட்டல் கமாண்டர் இன்றும் இதைப் படிக்கும், எழுதும். நகல் எடுத்தால் குறிப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். ஃபோல்டரோடு ஜிப் செய்தால் கூட வரும். ஃபேட் பென் டிரைவில் வரும். கிட்டில் வரும். எந்த மென்பொருளும் இல்லாவிட்டால் நோட்பேடில் திறந்து படிக்கலாம். கோப்பின் பெயரை வேறு மென்பொருளில் மாற்றினால் குறிப்பு தனியாக நின்றுவிடும், அது குறைதான். ஆனால் அந்தக் குறையைக் கண்ணால் பார்க்கலாம், கையால் சரி செய்யலாம். நெப்போமுக்கில் ஒன்று தொலைந்தால் எங்கே போய்த் தேடுவது?

"எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டால்?" என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சரி. நம்ம கதை வேறு. லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. யூ.டி.எஃப்.-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கோப்பு" என்ற மூன்றெழுத்துச் சொல் 6 குறியீடு, 18 பைட். ஆக ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதும் இடத்தில் நமக்கு 85 குறியீடுதான், கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணினால் ஐம்பது சொச்சம். விண்டோஸில் எல்லை வேறு மாதிரிக் கணக்கு, அங்கே 255 குறியீடும் நமக்குக் கிடைக்கும். அங்கே நீளமாகத் தமிழ்ப் பெயர் வைத்த கோப்பை லினக்ஸுக்குக் கொண்டு வந்தால், பெயர் நீளம் என்று திருப்பி அனுப்பிவிடும். பாட்டுக் கோப்புகளின் பழைய ஐ.டி.3 முதல் பதிப்பில் தலைப்புக்கு மொத்தமே 30 பைட். அதாவது பத்துக் குறியீடு. பாட்டின் முதல் சொல்லோடு நிற்க வேண்டியதுதான்.

"தேடல் இருக்கிறது, இப்போது ஏ.ஐ. வேறு இருக்கிறது, டேக் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. தேடல் கோப்பில் இருப்பதைத் தேடும். நான் நினைத்தது கோப்பில் இல்லை. படத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று மெஷின் சொல்லும். இவர்களில் யாரோடு அப்பா பதினைந்து வருடம் பேசவில்லை என்று அது சொல்லுமா?

ஆக, என்ன வேண்டும்?

ஃபைல் மேனேஜர் எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை மூன்றுதான். கோப்பின் வடிவத்துக்குள் எழுத இடமிருந்தால் அங்கேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் கோப்போடு ஒட்டி, எல்லோருக்கும் பொதுவான பெயரில் எழுதுங்கள். உங்கள் தரவுத்தளம் தேடலுக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டாவது, நகல் எடுக்கும்போது எதையாவது விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் கேளுங்கள். மூன்றாவது, ஒரு வசதியை நீக்குவதற்கு முன்னால், அதில் ஜனங்கள் எழுதியதை டெக்ஸ்ட் கோப்பாக வெளியே எடுக்க ஒரு பொத்தான் வையுங்கள். இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை, நம் உழைப்பு நம்முடையது என்ற எண்ணம் இருந்தால் போதும்.

வகுப்புத் தோழர்களுக்கு: வீட்டுப் படங்களில் யார் யார் என்று எழுதுவதாக இருந்தால், படக் கோப்புக்குள்ளேயே எழுதும் வழியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் ஜேபெக்கின் டீட்டெய்ல்ஸ் பக்கம் அதைச் செய்யும். டிஜிகேமில் தகவலைக் கோப்புக்குள்ளும் எழுது என்ற அமைப்பை இயக்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் உள்ளே எழுதியதைக் கழற்றிவிடும். மற்ற கோப்புகளுக்கு அதே ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு. செமஸ்டர் நோட்ஸ் ஃபோல்டரை ஜூனியர்களுக்குக் கொடுக்கும்போது எது தேர்வுக்கு உதவும், எது உதவாது என்று அதில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். அவன் டால்ஃபின் வைத்திருந்தாலும் சரி, எக்ஸ்புளோரர் வைத்திருந்தாலும் சரி, படிப்பான்.

அட்டவணை போட்டே தீருவேன் என்கிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். ஒரே ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "நாளைக்கு இந்த மென்பொருளை விட்டு விலகினால் என் கையில் என்ன மிஞ்சும்?" அந்தப் பத்தியில் டிக் விழுந்தால் மட்டும் என்னிடம் சண்டைக்கு வாருங்கள். பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது.